கண்ணுக்கு ஓர் எழுத்து, காதுக்கு ஓர் எழுத்து

மயிலாப்பூரின் பெயரில் கம்ப்யூட்டரில் ஓர் எழுத்துரு இருந்தது என்றால் இன்று படிக்கும் தம்பி தங்கைகளில் எத்தனை பேர் நம்புவீர்கள்? 'மயிலை' என்றே அதற்குப் பெயர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1990களில் அதைத் தயாரித்து, ஒரு பைசா வாங்காமல் உலகத் தமிழர்களுக்கெல்லாம் கொடுத்தார். கபாலி கோயில், லஸ் முனை, பனகல் பார்க் என்று நம் ஊர்ச் சரித்திரத்தைப் பலரும் பலவிதமாக எழுதிவிட்டார்கள். நான் இந்த எழுத்துருவைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போகிறேன். தமிழ் எழுத்து கம்ப்யூட்டருக்குள் போன கதை அது. கண்ணால் படிக்கிறவர்களுக்கு அழகாகத் தெரிந்த அந்த எழுத்து, காதால் படிக்கிறவர்களுக்கு ஏன் பத்துப் பதினைந்து வருஷம் கேட்காமலே போயிற்று என்பதுதான் அதில் என் அக்கறை. கதையில் பாதி, கிண்டிக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடுவே, நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற கட்டடங்களில் நடந்திருக்கிறது.

காதால் படிப்பதா என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். பார்வையற்றவர்கள் கம்ப்யூட்டரையும் செல்போனையும் பயன்படுத்துவது ஸ்க்ரீன் ரீடர் என்ற மென்பொருளால். திரையில் உள்ளதை அது வாய்விட்டுப் படித்துக் காட்டும். ஆனால் நாம் நினைப்பதுபோல அது திரையைப் 'பார்ப்பது' இல்லை. திரைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் எண்களாகச் சேமித்து வைத்திருக்கும் எழுத்தை எடுத்துப் பேசுகிறது. நமக்குத் தெரிவது உருவம், அதற்குத் தெரிவது உள்ளே இருக்கும் எண். இரண்டும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஒத்துப்போகாவிட்டால், நாம் அழகான தமிழைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் காதில் உளறல் விழும்.

இந்தத் தகராறு கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. பாரிஸில் வாலண்டைன் ஹாய் என்பவர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது, சாதாரண ரோமன் எழுத்துகளையே மேடாக அச்சடித்து, விரலால் தடவிப் படிக்க வைத்தார். நல்ல மனிதர், நல்ல நோக்கம். ஆனால் அந்த எழுத்து கண்ணுக்காகச் செய்யப்பட்டது. ஓர் எழுத்தின் வளைவை விரல் தடவித் தடவித் தேட வேண்டும். அதே பள்ளியில் படித்த லூயி பிரெயில் 1824-ல், பதினைந்து வயதில், ஆறு புள்ளிகளால் ஒரு முறையை அமைத்தார். 1829-ல் புத்தகமாகவும் வந்தது. விரல் நுனிக்குள் ஒரே தொடலில் அடங்கும் எழுத்து. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், பெரியவர்கள் பிடித்துக்கொள்ளவில்லை. 'கண் தெரிந்தவர்களால் படிக்க முடியாத எழுத்தா? அவர்களை நம்மிடமிருந்து பிரித்துவிடுமே!' என்பது அவர்கள் பக்கத்து வாதம். பிரான்ஸ் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-ல். அதற்கு இரண்டு வருஷம் முன்பே பிரெயில் காலமாகிவிட்டார்.

பெரியவர்களின் வாதத்தை முழு அபத்தம் என்று நான் தள்ளமாட்டேன். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான். யாருடைய வசதிக்கு ஏற்ற புத்தகம் என்பதில்தான் எப்போதும் சண்டை. பார்க்கிறவர்கள் எண்ணிக்கையில் அதிகம், அச்சகமும் அவர்கள் கையில். முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவா வேண்டும்?

நம் பக்கத்தில் பாளையங்கோட்டையில் 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். சென்னையில் ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் லிட்டில் ஃப்ளவர் கான்வென்ட், அடையாறில் செயின்ட் லூயிஸ், பூவிருந்தவல்லியில் அரசுப் பள்ளி எல்லாம் பின்னால் வந்தவை. இந்தியாவில் ஆரம்பத்தில் இடத்துக்கு ஒரு புள்ளி முறையாக இருந்து, 1951-ல் எல்லா மொழிக்கும் பொதுவாகப் பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. அதில் ஒரு நுட்பம் உண்டு. தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 'கொ' என்று எழுத நாம் என்ன செய்கிறோம்? முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். ஒலி ஒன்று, காகிதத்தில் மூன்று துண்டு. அதிலும் கடைசியில் ஒலிக்கும் உயிரின் பாதி, எழுத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. பிரெயிலில் இந்தக் கூத்து கிடையாது. க, அடுத்து ஒ, அவ்வளவுதான். வாய் எந்த வரிசையில் சொல்கிறதோ அந்த வரிசையில் புள்ளி. (மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் எழுத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். அது விரலுக்குக் கொடுக்கும் முன்னறிவிப்பு.)

எங்கள் காலத்தில், அதாவது 1970களின் கடைசியில், கல்லூரிக்குப் பிரெயில் பாடப்புத்தகம் என்று எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. என் வகுப்பில் பார்வையற்ற நண்பர் ஒருவர் இருந்தார். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், ஆகவே நண்பர் என்றே சொல்கிறேன். நாங்கள் நாலைந்து பேர் முறை வைத்துக்கொண்டு லஸ் நாகேஸ்வர ராவ் பார்க்கில் உட்கார்ந்து அவருக்குப் பாடம் வாசிப்போம். அவர் சிலேட்டில் தடித்த காகிதத்தைச் செருகி, ஊசியால் 'டக் டக்' என்று வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே வருவார். காகிதத்தைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். பிறகு யாரோ ஒரு டேப் ரெக்கார்டர் கொடுத்தார்கள், கேசட்டில் பதிவு செய்து கொடுத்தோம். பரீட்சைக்கு வேறு ஒருவர் எழுதுவார். இதையெல்லாம் புண்ணியம் சேர்ப்பதற்காகச் சொல்லவில்லை. நண்பரின் படிப்பு எங்கள் நேரத்தை நம்பி இருந்தது என்பதைச் சொல்ல வந்தேன். எங்களில் ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்றால் அவருக்கு ஓர் அத்தியாயம் போச்சு. காதல் கடிதம் வந்தாலும் வகுப்புத் தோழன்தான் படித்துக் காட்ட வேண்டும். (வந்ததா என்று கேட்காதீர்கள்.)

ஆகவே கம்ப்யூட்டர் பேசும் என்று கேள்விப்பட்டபோது அவர் துள்ளிக் குதித்தது இயல்பு. அமெரிக்காவில் டெட் ஹென்டர் என்ற பார்வையற்ற பொறியாளர் 'ஜாஸ்' என்ற ஸ்க்ரீன் ரீடரை 1989-ல் டாஸ் முறைக்கும், 1995-ல் விண்டோஸுக்கும் கொண்டுவந்தார். விலை நம்மூர் ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத விலை. இருந்தாலும் அங்கங்கே நிறுவனங்களில் இருந்தது, நண்பரும் போய்க் கற்றுக்கொண்டார். ஆங்கிலம் தாராளமாகப் பேசியது. 'தமிழ்ப் பக்கம் ஒண்ணு திற, பார்க்கலாம்' என்றார் ஒருநாள். திறந்தோம்.

தலைப்பில் 'தமிழ்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கம்ப்யூட்டர் சொன்னது: 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்.'

'என்னடா இது, ஏதாவது சாபமா?' என்றார்.

சாபம் இல்லை, பாமினி. கனடா, ஐரோப்பா முதல் நம் டி.டி.பி. கடைகள் வரை கொடிகட்டிப் பறந்த எழுத்துரு. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் தமிழுக்கென்று தனி இடம் கிடையாது. ஆகவே ஆங்கில எழுத்தின் வீட்டில் தமிழ் உருவத்தைக் குடிவைத்தார்கள். ஆங்கில 'ஜே' இருக்கும் எண்ணில் 'த' என்று படம் வரைந்து வைத்தார்கள், 'கே'யில் 'ம', 'பி'யில் இகரக் கொக்கி, 'ஓ'வில் 'ழ', செமிகோலனில் மெய்ப்புள்ளி. கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டரின் மனதில் இங்கிலீஷ். மயிலையும் இந்த வகைதான், வீட்டு நம்பர்கள்தான் வேறு. பத்திரிகைகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்துக்கொண்டன. 'இந்தப் பக்கத்தைப் படிக்க எங்கள் ஃபான்ட்டை இறக்கிக்கொள்ளவும்' என்று வாசலிலேயே ஒரு போர்டு. ரங்கநாதன் தெருவில் கடைக்குக் கடை தனி நாணயம் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படி.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் முன்னின்று நடத்தினார். இன்று உங்களில் பலர் தட்டும் தமிழ் 99 விசைப்பலகை அதன் பலன். 'டாம்', 'டாப்' என்று இரண்டு எழுத்துத் தரப்பாடுகளும் அறிவிக்கப்பட்டன. முதலாவது தமிழுக்கு மட்டும், இரண்டாவது தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து. உலகத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய 'திஸ்கி' அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. கல்யாணசுந்தரமும் மலேசியாவின் முத்து நெடுமாறனும் அதில் முக்கியமானவர்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-லேயே இணையத்தில் தமிழை ஏற்றிக் காட்டியிருந்தார். எல்லாரும் பெரிய உழைப்பாளிகள், சும்மா சொல்லக்கூடாது. தமிழ் இன்று செல்போனில் ஓடுவதற்கு இவர்கள் போட்ட பாதை காரணம்.

ஆனால் இந்தத் தரப்பாடுகள் அனைத்தும் உருவத்தை எண்ணாக்கியவை. பழைய டைப்ரைட்டர் வழக்கப்படி, 'கொ' என்றால் கொம்பு ஓர் எண், க ஓர் எண், கால் ஓர் எண், எழுதும் வரிசையிலேயே. பிரெயில் 1951-லேயே விட்டுவிட்ட விஷயத்தைக் கம்ப்யூட்டர்த் தமிழ் மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டது. பேசும் கருவி கொம்பைக் கண்டதும் நின்று, அடுத்த எழுத்தைப் பார்த்து, அதற்கடுத்து கால் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்த பிறகே வாயைத் திறக்க முடியும். முடியாத காரியமல்ல, மாற்றி மென்பொருள்கள் பல வந்தன. ஆனால் எந்தப் பக்கம் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே? அதற்குக் கண் வேண்டும்!

மாற்று வழி அப்போதே இருந்தது. யூனிகோடு 1991-லேயே தமிழுக்கென்று 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. இந்திய அரசின் 1988-ஆம் வருஷத்து 'இஸ்கி' தரப்பாட்டை அடியொற்றி, ஒலியின் வரிசையில்: க, பிறகு ஒகரக் குறி. கொம்பையும் காலையும் பிரித்து இரண்டு பக்கமும் வைத்து வரைவது திரையின் வேலை, சேமிப்பில் அது ஒரே குறி. பிரெயிலின் வழி. பின்னே ஏன் உடனே எல்லாரும் அதற்கு மாறவில்லை?

இங்கேதான் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. யூனிகோடு எழுத்தை வரைய விண்டோஸ் 95-க்கும் 98-க்கும் தெரியாது. யூனிகோடில் ஒரு பக்கம் போட்டால் பார்க்கிறவர்களுக்கு வெறும் கட்டம் கட்டமாக, ஜன்னல் ஜன்னலாகத் தெரியும். 2000-ல் வந்த விண்டோஸ் 2000-ல்தான் 'லதா' என்ற எழுத்துருவோடு தமிழ் ஒழுங்காக வந்தது. அதற்கு முன்னால் பத்திரிகை நடத்தியவர் முன் இருந்த தேர்வு இதுதான்: பாமினி வகையில் போட்டால் ஆயிரம் பேர் பார்க்கலாம், ஒருவராலும் கேட்க முடியாது. யூனிகோடில் போட்டால் ஒருவராலும் பார்க்க முடியாது. கேட்கவாவது முடியுமா என்றால் அதுவும் சந்தேகம், தமிழ் பேசும் கருவி அப்போது எத்தனை பேரிடம் இருந்தது? அந்தச் சூழ்நிலையில் பாமினியைத் தேர்ந்தெடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் குறை 2000-க்குப் பிறகு உள்ள வருஷங்களைப் பற்றியது. பார்க்கிறவர்களுக்கும் யூனிகோடு தெரிய ஆரம்பித்தபிறகும், பழகிய விசைப்பலகை, வாங்கிய மென்பொருள், 'எங்க ஃபான்ட் அழகு' என்று பல நிறுவனங்கள் ஒரு பத்தாண்டை ஓட்டின. தமிழ்நாடு அரசு யூனிகோடையும் 'டேஸ் 16' என்பதையும் தரப்பாடாக அறிவித்தது 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில்.

கடைசியில் மாற்றம் வந்தது பார்வையற்றவர்களுக்காக இரங்கியா? இல்லை. தேடுபொறிகளுக்குப் பயந்து. கூகுளுக்கும் கண் கிடையாது, அதுவும் உள்ளே இருக்கும் எண்ணைத்தான் படிக்கிறது. பாமினியில் இருக்கும் செய்தி தேடலில் சிக்காது, தேடலில் சிக்காத கடைக்கு வியாபாரம் கிடையாது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், அந்த ஆண்டுகளில் முளைத்த வலைப்பதிவர்களும் யூனிகோடிலேயே எழுதியதும் ஒரு தள்ளு. காரணம் எதுவானால் என்ன, காதால் படிப்பவர்களுக்கு வழி திறந்தது.

குரலும் அதற்குள் தயாராகிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ல் 'என்.வி.டி.ஏ.' என்ற ஸ்க்ரீன் ரீடரை ஆரம்பித்தார். இலவசம். அதோடு வந்த 'ஈ-ஸ்பீக்' என்ற சிறு பேச்சுக்கருவிக்குத் தமிழும் வரும், தகரத்தைத் தட்டியதுபோல. நம் அடையாறு ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் தலைமையில், 2009 வாக்கில் தொடங்கிய பல நிறுவனக் கூட்டுத்திட்டம் இந்திய மொழிகளுக்கு இயல்பான குரல் கொடுக்க உழைத்தது. தமிழ்க் குரலில் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரிக்குப் பங்குண்டு.

அந்த நல்ல குரலை நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். 'அருமை, ரேடியோ மாதிரி இருக்கு' என்றவர், தன் வேலைக்கு மறுபடி தகரக் குரலுக்கே போய்விட்டார்! ஏன் என்றால், வேகம். அவர் கேட்கும் வேகம் நம் பேச்சைப்போல இரண்டு மூன்று மடங்கு. அந்த வேகத்தில் இனிமையான குரல் குழையும், தகரம் தெளிவாக இருக்கும். 'நீ பேப்பரை வரி வரியாவா படிக்கிறே? கண்ணை ஓட்டறே இல்ல? நான் காதை ஓட்டறேன்' என்றார். காதால் படிப்பவருக்கு எது வசதி என்று நாம் நம் காதை வைத்து முடிவு கட்டிவிடுகிறோம். கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

இதே தவறான ஊகம்தான் 'தனிப் பக்கம்' என்ற யோசனைக்கும் அடிப்படை. இணையத்தின் ஆரம்ப காலத்தில், பார்வையுள்ளவர்களுக்குப் படமும் வண்ணமுமாக ஒரு பக்கம், பார்வையற்றவர்களுக்கு வெறும் எழுத்தாக ஒரு பக்கம் என்று இரண்டு போடும் பழக்கம் இருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பில் என்ன ஆகும்? முதல் பக்கத்தைத் தினமும் புதுப்பிப்பார்கள். இரண்டாவது, கொல்லைப்புறக் கதவு மாதிரி துருப்பிடித்துக் கிடக்கும். போன வருஷத்துக் கடைசித் தேதி இந்த வருஷமும் அங்கே இருக்கும். 1999 மே மாதம் வந்த சர்வதேச வழிகாட்டு நெறிகளே, ஒரே பக்கத்தைச் சரியாகச் செய்ய எவ்வளவு முயன்றும் முடியாவிட்டால் மட்டும் தனிப் பக்கம் போடுங்கள் என்று சொல்லின.

ஒரே பக்கத்தில் இரண்டு பேரையும் வைத்தால் கண்ணுக்கு நஷ்டம் வராதா? வடிவமைப்பு படிக்கும் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார், 'சார், அப்புறம் பக்கம் அழுதுவடியாதா?' பெரும்பாலும் வராது, ஏனென்றால் வேண்டியது பெரும்பாலும் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. தலைப்பைத் தலைப்பு என்று குறிப்பது, பட்டனுக்குப் பெயர் வைப்பது, படத்துக்குப் பின்னால் ஒரு வரி விளக்கம் எழுதுவது. நண்பர் ஒரு வங்கியின் ஆப்பைத் திறந்தால் 'பட்டன், பட்டன், பட்டன்' என்று பஜனை பாடுகிறது. எது பணம் அனுப்பும், எது கணக்கை மூடும் என்று தெரியாமல் எதை அழுத்துவது? அந்தப் பட்டன்களுக்குப் பெயர் வைத்தால் பார்க்கிறவர் ஒரு புள்ளியைக்கூட இழக்கமாட்டார்.

உண்மையாகவே இழுபறி உள்ள இடங்களும் இல்லாமல் இல்லை. படத்துக்கு விளக்கம் எழுது என்றால் சில பேர் ஓரத்துப் பூங்கொடிக்கெல்லாம் பத்து வரி எழுதிவிடுகிறார்கள். கேட்பவர் அத்தனையையும் கேட்டுக் கடந்தாக வேண்டும். அலங்காரப் படம் என்றால் 'இதைத் தாண்டிப் போ' என்று குறித்துவிடுவதே மரியாதை. பக்கம் திறந்ததும் தானாகப் பாட்டு ஒலிக்கும் கல்யாணப் பத்திரிகை பார்ப்பவருக்கு அலங்காரம், கேட்பவருக்கோ ஸ்க்ரீன் ரீடரின் குரலை அமுக்கும் சத்தம். அதேபோல, அரைகுறைப் பார்வை உள்ளவர்களுக்குத் தேவை கறுப்பு வெள்ளைத் தெளிவு. நாகரிகம் என்று இளஞ்சாம்பலில் எழுதினால் அவர்களுக்கு மட்டுமா, கண்புரை எட்டிப் பார்க்கும் நம் செட்டுக்கும் கஷ்டம். அமெரிக்க யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 'வெப்எய்ம்' அமைப்பு 2024-ல் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்ததில், 95.9 சதவீதத்தில் ஏதாவதொரு குறை இருந்தது. முதல் இடம் மங்கலான எழுத்துக்கு, 81 சதவீதம். விளக்கமில்லாத படம் 54.5 சதவீதம். ஆக, மிக அதிகமாகத் தவறு நடப்பது பார்க்கிறவர்களின் பாட்டில்தான்!

கோட்டூர்புரத்துக்கு வருகிறேன். அங்கே 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தரைத்தளத்திலேயே பிரெயில் பிரிவு இருக்கிறது. பக்கத்திலேயே, காந்தி மண்டபம் சாலையில், தமிழ் இணையக் கல்விக்கழகம். 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகப் பிறந்தது. அதன் மின்னூலகத்தில் கிடைத்தற்கரிய பழைய நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய அச்சும் செல்லரித்த ஓரமும் அப்படியே தெரியும். எனக்கு அது பொக்கிஷம். நண்பருக்கு? ஸ்கேன் என்பது போட்டோ, எழுத்து அல்ல. ஸ்க்ரீன் ரீடர் வாயைத் திறக்காது. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்கு நேர்மாறு. தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து ஏற்றியது. முதலில் பழைய எழுத்துருவில் இருந்ததைப் பின்னால் யூனிகோடுக்கும் மாற்றினார்கள். படம் கிடையாது, பதிப்பின் முகமும் தெரியாது, ஆனால் சங்கத்தமிழ் காதில் விழும். ஆராய்ச்சியாளருக்குப் பக்கத்தின் படம் வேண்டும், கேட்பவருக்கு எழுத்து வேண்டும். எதை விடுவது?

எதையும் விட வேண்டாம் என்று காட்டியது தமிழ் விக்கிமூலம். 2016-ல் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோடு சேர்ந்து, நாட்டுடைமையான 2,000-க்கும் மேற்பட்ட நூல்களை அங்கே ஏற்றினார்கள். எழுத்துணரி மென்பொருள் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும். தன்னார்வலர்கள் உட்கார்ந்து பிழை திருத்துவார்கள். அந்தத் திருத்தும் பக்கத்தைப் பார்த்தால், ஒரு பக்கம் பழைய அச்சின் படம், பக்கத்திலேயே அதே பக்கம் எழுத்தாக. கண் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும், காது மற்றதை. எழுத்துணரி 'ர'வைக் கால் என்றும், காலை 'ர' என்றும் எடுத்துக்கொள்ளும் வேடிக்கை நிறைய நடக்கும். அதைத் திருத்தப் படம் பக்கத்தில் இருப்பதே உதவி. கண்ணுக்காக வைத்த படம் காதுக்கான எழுத்தைச் சரிசெய்கிறது. ஹாய் காலத்திலிருந்து நடந்துவரும் சண்டையில் நான் பார்த்த மிக நல்ல சமாதானம் இதுதான். கல்லூரியில் படிக்கும் நீங்கள் வாரம் நாலு பக்கம் திருத்தலாம், ஹாஸ்டல் வைஃபை போதும்.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு ஊடகத் தகவல்கள் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்றது. அதன்கீழ் வந்த 2017 விதிகள் கட்டாயமா, பரிந்துரையா என்ற இழுபறியை, 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துப் பேசி, குறைந்தபட்ச அளவுகோல்கள் கட்டாயமாக இருந்தே தீர வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30-ல் இன்னொரு தீர்ப்பு. வங்கிக் கணக்குக்கு அடையாளம் காட்ட 'கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டு' என்று கேட்கும் முறையை எதிர்த்து, அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவரும் தொடுத்த வழக்கு. டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது நீதிமன்றம். சிமிட்ட முடியாதவர் உயிரோடு இல்லை என்று ஒரு மென்பொருள் நினைத்தால் என்ன செய்வது, சொல்லுங்கள்!

நம் வீட்டுக்குள்ளும் வேலை இருக்கிறது. நம் சங்கத்தின் அழைப்பிதழ்கள் வாட்ஸ்அப்பில் வருவது எப்படி? கல்லூரி முகப்பு, குத்துவிளக்கு, தங்க எழுத்து, எல்லாம் சேர்ந்து ஒரே படம். தேதியும் இடமும் அதற்குள் அடைபட்டிருக்கும். கீழே இரண்டு வரி தட்டச்சு செய்து அனுப்பினால் முடிந்தது. இந்த மலர் விஷயமும் அப்படித்தான். அச்சுக்குப் போகும் தமிழ் வேலைகள் இன்றும் பல அச்சகங்களில் பழைய எழுத்துருவுக்கு மாற்றப்பட்டே பக்கம் கட்டப்படுகின்றன. அந்தப் பி.டி.எஃப்.பைத் திறந்தால் கண்ணுக்கு முத்து முத்தாகத் தமிழ், காதுக்கு அதே பழைய 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்'. பக்கம் கட்டுவதற்கு முந்தைய யூனிகோடு கோப்புகள் மலர்க் குழுவின் கையில்தான் இருக்கும். நம் பழைய மாணவர்களில் பார்வையற்றவர் என் நண்பர் ஒருவர் மட்டுமல்ல, அவருக்குப் பின்னால் வந்த செட்டுகளிலும் உண்டு. அவர்கள் எல்லாருக்கும் அந்தக் கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று குழுவிடம் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள்.

என் கோப்பு மட்டும் முன்கூட்டியே நண்பரிடம் போய்விட்டது. ஒரே மூச்சில் கேட்டுவிட்டு போன் செய்தார். அடைப்புக்குறிக்குள் நான் எழுதிய காதல் கடித விவகாரத்தை எடுத்துவிடச் சொல்கிறார். நான் எடுக்கவில்லை.